மிட்வே, 1942 ஜூன் 4: எண்டர்பிரைஸ் கப்பலின் டைவ் பாம்பர் விமானிகள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் "ஐந்து நிமிடம்" என்கிற இடத்துக்கு நேராக ஓடிவிடுகிறார்கள். காலை 10:20 வரை ஜப்பானின் கை ஓங்கியிருந்தது, சில நிமிடங்களில் அதன் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்கள் பற்றி எரிந்தன, பசிபிக் போரின் திசையே மாறியது என்று கதை போகும். தவறில்லை, நடந்ததுதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது, அந்த விமானங்களில் இருந்த மனிதர்கள் வானத்திலிருந்து திடீரென்று குதித்தவர்கள் போல ஆகிவிடுகிறார்கள். குண்டு போடுவதற்கு முன் அவர்கள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எதிரியைத் தேடி அலைந்தார்கள். போட்ட பின், கையில் இருந்த மிச்ச எரிபொருளோடு தங்கள் கப்பலைத் தேடி அலைந்தார்கள். அன்று காலை அவர்களில் பலரைக் கொண்டுபோனது எதிரியின் துப்பாக்கியைவிட வற்றிப்போன எரிபொருள் தொட்டிதான்.

அதனால் இங்கே முழுச் சண்டையையும் எடுக்கவில்லை. எண்டர்பிரைஸ் என்ற ஒரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல், அதிலிருந்த இரண்டு டைவ் பாம்பர் (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம்) படைப்பிரிவுகள், ஒரு நாள், அந்த நாள் அவர்களுடைய உடம்பில் விட்டுப்போனது, இவ்வளவுதான் எல்லை. ஆறாம் குண்டுவீச்சுப் படைப்பிரிவு ஒன்று. அதன் தலைவர் லெப்டினன்ட் ரிச்சர்ட் பெஸ்ட். ஆறாம் வேவுப் படைப்பிரிவு இன்னொன்று. அதன் தலைவர் லெப்டினன்ட் ஏர்ல் கேலஹர். பெயரில்தான் வேவு; வேலை இரண்டுக்கும் ஒன்றே. இரண்டுக்கும் மேலே விமானக் குழுவின் தளபதி வேட் மெக்ளஸ்கி. அவர் போர் விமானப் பிரிவிலிருந்து வந்தவர், டைவ் பாம்பரில் அனுபவம் குறைவு. மூன்று நாள் முன்புதான் நாற்பது வயது முடிந்திருந்தது. உடன் பறந்த இளைஞர்களின் கண்ணுக்கு அவர் கிழவர்தான்.

அதற்கு முந்தைய ஆறு மாதம்

இந்தப் படைப்பிரிவுகளுக்குப் போர் தொடங்கிய முதல் நாளிலேயே அடி விழுந்தது. 1941 டிசம்பர் 7 காலை எண்டர்பிரைஸிலிருந்து 18 டைவ் பாம்பர்கள் வழக்கமான வேவுப் பணியை முடித்துக்கொண்டு பேர்ல் ஹார்பரில் இறங்குவதற்காக வந்தன. சரியாக ஜப்பானியத் தாக்குதலுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டன. ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டன. பதற்றத்தில் கீழே இருந்த சொந்த நாட்டுத் துப்பாக்கிகளும் சுட்டன. கிளாரன்ஸ் டிக்கின்சன் என்ற விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். அவருடைய பின்னிருக்கை வீரர் ரோஜர் மில்லர் இறந்துபோனார். மூன்றே நாளில் டிக்கின்சன் வேறொரு விமானத்தில் ஏறிப் போய், ஹவாய்க்கு அருகே ஐ-70 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்த தாக்குதலில் பங்கெடுத்தார்.

அப்புறம் 1942 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஜப்பான் வசமிருந்த மார்ஷல் தீவுகள் மீது தாக்குதல். வேவுப் படைப்பிரிவின் அன்றைய தலைவர் ஹால்ஸ்டெட் ஹாப்பிங் அங்கே கொல்லப்பட்டார். பொறுப்பு கேலஹருக்கு வந்தது. அதே நாளில், அடிபட்ட ஒரு ஜப்பானியக் குண்டுவீச்சு விமானம் எண்டர்பிரைஸ் மீதே மோத வந்தது. புரூனோ கைடோ என்ற இளம் சிப்பாய் தளத்தில் நிறுத்தியிருந்த டைவ் பாம்பரின் பின்னிருக்கையில் ஏறி, வந்த விமானத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டே இருந்தார். வந்த விமானத்தின் இறக்கை அவர் உட்கார்ந்திருந்த விமானத்தின் வாலை வெட்டிக்கொண்டு கடலில் விழுந்தது. அட்மிரல் ஹால்சி அந்த இடத்திலேயே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார். கைடோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் வந்தபோது இவர்கள் வேக், மார்கஸ் தீவுகளையும் தாக்கி முடித்திருந்தார்கள். செத்தவர்களின் பொருட்களைக் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜூன் 4-ஆம் தேதிக்கு வந்தவர்கள் முதல் சண்டையைப் பார்க்கப் போன பையன்கள் அல்ல.

அந்த விமானமும் அந்தப் பாய்ச்சலும்

விமானத்தின் பெயர் டக்ளஸ் எஸ்.பி.டி. டான்ட்லெஸ். இரண்டு பேர் உட்காரலாம். முன்னால் விமானி. பின்னால், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாலைப் பார்த்து உட்காரும் வீரர். வானொலியும் அவர் பொறுப்பு, இயந்திரத் துப்பாக்கியும் அவர் பொறுப்பு. வேகத்தில் சாதாரண விமானம்தான். அதன் உயிர் இறக்கையின் பின்விளிம்பில் இருந்தது: மேலும் கீழுமாக இரண்டாகப் பிளந்து விரியும், ஓட்டை ஓட்டையாகத் துளைத்த தகடுகள். இவைதான் டைவ் பிரேக். இவற்றை விரித்துவிட்டால், ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே விழும்போதும் வேகம் மணிக்கு 275 மைலை ஒட்டியே நிற்கும். ஓட்டைகள் இல்லாவிட்டால் காற்று சுழன்று வால் பகுதியை உலுக்கி எடுத்துவிடும்.

பாய்ச்சல் தொடங்குவது 15,000 அடி, சில சமயம் 20,000 அடி உயரத்தில். கோணம் 70 டிகிரி. காகிதத்தில் வரைந்தால் சாய்வுதான், விமானிக்கோ அது நேராகக் கிணற்றுக்குள் தலைகீழாகப் போவது மாதிரி இருக்கும். உடம்பு இருக்கையிலிருந்து கழன்று வார்ப்பட்டையில் தொங்கும். கீழே போய்ச் சேர சுமார் நாற்பது வினாடி. அதற்குள் செய்ய வேண்டியது ஏராளம். இலக்குக் கப்பல் மணிக்கு இருபது, முப்பது கடல் மைல் வேகத்தில் வளைந்து ஓடிக்கொண்டிருக்கும். காற்று ஒரு பக்கம் தள்ளும். குறி பார்க்கத் தொலைநோக்கி போன்ற ஒரு குழாய் முன்னால் இருந்தது. மேலே உறையும் குளிரிலிருந்து கீழே கடலின் ஈரக்காற்றுக்குள் வந்ததும் அதன் கண்ணாடியில் பனி படிந்து ஒன்றுமே தெரியாமல் போவதும் உண்டு. உயரமானியையும் முழுக்க நம்ப முடியாது. விழும் வேகத்துக்கு அதன் முள் ஈடுகொடுக்காமல் பின்தங்கும். முள் காட்டுவதைவிட விமானம் தாழ்வாகத்தான் இருக்கும்.

சுமார் 2,000 அடியில் குண்டை விடுவிப்பார்கள். குண்டு நேராக விழுந்தால் விமானத்தின் சொந்த விசிறியிலேயே பட்டுவிடும் என்பதால், ஒரு கவை அதை முன்னால் வீசி விசிறிக்கு அப்பால் தள்ளிவிடும். அடுத்த நொடியில் விமானத்தை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது உடல் எடை ஐந்து, ஆறு மடங்கு ஆகும், சில நேரம் அதற்கும் மேலே. தலையிலிருந்து ரத்தம் இறங்கிக் கண் சாம்பலாகும், பிறகு இருட்டும். இன்றைய விமானிகள் அணியும் அழுத்த உடை அன்று இல்லை. வயிற்றை இறுக்கிக் கத்திக்கொண்டே நெம்புகோலை இழுப்பதுதான் வழி.

இதில் எனக்கு எப்போதும் மலைப்பாக இருப்பது பின்னிருக்கை வீரர்தான். விமானிக்காவது கையில் வேலை இருக்கிறது, கண்ணுக்கு இலக்கு இருக்கிறது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவது வானம் மட்டும். கடல் நெருங்குவது அவர் கண்ணில் படாது. உயரத்தைச் சத்தமாக வாசிப்பார், துரத்தி வரும் எதிரியைச் சுடுவார், முன்னால் இருப்பவர் சரியான நொடியில் நிமிர்த்துவார் என்று நம்புவார். அவ்வளவுதான் அவர் கையில் இருந்தது. பெஸ்டுக்கு ஜேம்ஸ் மர்ரே, கிளெய்ஸ் என்ற இளம் விமானிக்கு ஜான் ஸ்னோடன் என்று இந்த இணைகள் மாதக்கணக்கில் சேர்ந்தே பறந்தன.

ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை

ஜூன் 4 காலை நிலவரம் இது. ஜப்பானின் அகாகி, காகா, சோரியு, ஹிரியு ஆகிய நான்கு விமானந்தாங்கிகள் அட்மிரல் நகுமோவின் தலைமையில் மிட்வே தீவைத் தாக்க வந்திருந்தன. ஜப்பானியக் கடற்படையின் ரகசியக் குறியீட்டை அமெரிக்கா ஓரளவு உடைத்துப் படித்திருந்தது. அதனால் எண்டர்பிரைஸ், ஹார்னெட், யார்க்டவுன் மூன்றும் வடகிழக்கே காத்திருந்தன.

காலை ஏழு மணி சுமாருக்கு எண்டர்பிரைஸில் விமானங்களை ஏவத் தொடங்கினார்கள். இங்கேதான் முதல் கோளாறு. டைவ் பாம்பர்கள் முதலில் மேலே போய்விட்டன. மற்ற விமானங்கள் தளத்துக்கு வந்து கிளம்பத் தாமதம் ஆனது. முப்பதுக்கும் சற்று அதிகமான டைவ் பாம்பர்கள், முழு எரிபொருளும் குண்டும் சுமந்தபடி, கப்பலுக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் 7:45-க்கு அட்மிரல் ஸ்புரூயன்ஸ், மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் போகச் சொல்லி மெக்ளஸ்கிக்கு உத்தரவு கொடுத்தார். அதற்குள் முக்கால் மணி நேரத்துக்கான எரிபொருள் ஒரு மைல்கூட முன்னேறாமல் எரிந்துபோயிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெஸ்டின் பிரிவு 1,000 பவுண்டு குண்டு சுமந்தது. கேலஹரின் பிரிவு ஒரு 500 பவுண்டு குண்டும் இறக்கைகளுக்கு அடியில் இரண்டு 100 பவுண்டு குண்டுகளும் சுமந்தது. பெஸ்டின் ஆட்களுக்குச் சுமையும் கூட, அணிவகுப்பில் இடமும் பின்னால். அணியின் வாலில் பறப்பவர் இடத்தைப் பிடித்து வைப்பதற்காக வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எரிபொருள் இன்னும் சீக்கிரம் தீரும். யார் திரும்பி வருவார், யார் வரமாட்டார் என்பதில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலேயே அடங்கிவிட்டது. ஜப்பானியர் ஒரு தோட்டாகூடச் சுடுவதற்கு முன்பே.

9:20 சுமாருக்கு மெக்ளஸ்கி எதிரி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தார். கீழே கடல் காலி. நகுமோ அதற்குள் வடக்குப் பக்கமாகத் திரும்பிவிட்டிருந்தார், அந்தச் செய்தி மெக்ளஸ்கிக்கு வரவில்லை. திரும்பிப் போனால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. தேடலைத் தொடர்ந்தால் தன் ஆட்களில் சிலர் கடலில்தான் இறங்குவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் தொடர்ந்தார். முன்னால் 35 மைல் போய்ப் பார்த்துவிட்டு வடமேற்கே திரும்பினார். தெற்கே மிட்வே இருக்கிறது. எதிரி தன்னைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்க முடியாது, அப்படியானால் வடக்கேதான் என்பது அவர் போட்ட கணக்கு.

9:55-க்கு ஒற்றைக் கப்பல் ஒன்று வடகிழக்கு நோக்கி வெள்ளை நுரையைக் கிழித்துக்கொண்டு வேகமாக ஓடுவது தெரிந்தது. அது அரஷி என்ற நாசகாரிக் கப்பல். நாட்டிலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியை அமுக்கிவைக்கப் பின்தங்கி நின்றுவிட்டு, இப்போது தன் கூட்டத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. மெக்ளஸ்கி அது போன திசையைப் பிடித்தார். சில நிமிடங்களில் நகுமோவின் முழுப் படையும் கண்ணில் பட்டது.

அரஷி கண்ணில் பட்டது அதிர்ஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் வீடு திரும்பும் நேரத்தைத் தாண்டியும் அங்கே நின்றவருக்குத்தான் அது கண்ணில் பட்டது. அதை அதிர்ஷ்டத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த நேரத்தில் பெஸ்டின் பிரிவில் வேறொரு தொல்லை. சில விமானங்களில் ஆக்சிஜன் கருவி சரியாக வேலை செய்யவில்லை. மூச்சுத் திணறும் தன் ஆட்களுக்காகப் பெஸ்ட் முகமூடியைக் கழற்றி, பிரிவையே 15,000 அடிக்குக் கீழே கொண்டுவந்தார். அவருடைய சொந்தக் கருவியிலும் கோளாறு இருந்தது. அதிலிருந்த ரசாயனம் காரமாகி நுரையீரலுக்குள் போயிருந்தது. அப்போது அது அவருக்குத் தெரியாது.

10:22

வழக்கமான விதிப்படி முன்னால் போகும் படைப்பிரிவு தூரத்துக் கப்பலை எடுக்க வேண்டும், பின்னால் வருவது அருகிலிருப்பதை எடுக்க வேண்டும். அருகில் காகா, தூரத்தில் அகாகி. மெக்ளஸ்கி முன்னால் இருந்தும் காகா மீது பாய்ந்தார், கேலஹரின் பிரிவு அவர் பின்னால் பாய்ந்தது. விதியை நம்பிப் பெஸ்டும் காகா மீதே பாயத் தயாரானார். மேலேயிருந்து சொந்த விமானங்கள் அவர் முன்னால் சரிந்து இறங்குவதைப் பார்த்துத் திகைத்துப் போனார். அவருடைய ஆட்களில் பெரும்பாலோர் அதே ஓட்டத்தில் காகாவை நோக்கியே போய்விட்டார்கள்.

மெக்ளஸ்கியின் தவறு இது, ஒளிக்க ஒன்றுமில்லை. எல்லா விமானமும் ஒரே கப்பல் மீதே பாய்ந்திருக்கும், அகாகி முழுசாகத் தப்பியிருக்கும். தப்பவில்லை என்றால் காரணம் பெஸ்ட். பாய்ச்சலைப் பாதியில் நிறுத்தி, இரண்டே துணை விமானங்களோடு மறுபடி வேகம் பிடித்து அகாகியை நோக்கிப் போனார். மூன்று விமானம், மூன்று குண்டு. முறைப்படியான அணிவகுப்புக்கு நேரம் இல்லாததால் மூவரும் தோளோடு தோளாகவே இறங்கினார்கள். பெஸ்டின் குண்டு நடு லிஃப்டின் பின்விளிம்புக்கு அருகே தளத்தைத் துளைத்து, கீழ்க் கிடங்கில் டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் வெடி) மாட்டி நின்ற விமானங்களுக்கு நடுவே வெடித்தது. ஒரே நேரடி அடி. அகாகிக்கு அது போதுமானதாக இருந்தது.

காகா மீது மெக்ளஸ்கியும் அவருக்கு அடுத்து வந்தவர்களும் போட்ட குண்டுகள் தவறின. பிறகு கேலஹரின் குண்டு விழுந்தது. அடுத்தடுத்து மேலும் பல. நார்மன் கிளெய்ஸ், தோழர்களுக்கு 'டஸ்டி', 26 வயது, அவருடைய குண்டும் பட்டது. கப்பலின் கட்டளை மேடையில் இருந்த கேப்டன் ஒகாடா கொல்லப்பட்டார். அதே நிமிடங்களில், யார்க்டவுனிலிருந்து தனியாகக் கிளம்பி வந்த மேக்ஸ் லெஸ்லியின் பிரிவு சோரியுவைத் தாக்கியது. லெஸ்லிக்குக் குண்டே இல்லை. புதிதாகப் பொருத்திய மின்விசையின் கோளாறால் அவருடையது உட்பட நான்கு விமானங்களின் குண்டுகள் வழியிலேயே கடலில் விழுந்துவிட்டன. ஆனாலும் தலைவர் என்ற முறையில் அவர் முதல் ஆளாக, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே பாய்ந்தார்.

ஜப்பானியக் கப்பல்களின் தளத்தில் விமானங்கள் நிரம்பிக் கிளம்பத் தயாராக நின்றன, இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நீண்டகாலம் எழுதிவந்தார்கள். பிற்காலத்தில் ஜப்பானியப் பதிவேடுகளைக் கூர்ந்து படித்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. தாக்குதல் விமானங்கள் பெரும்பாலும் கீழ்க் கிடங்குகளில்தான் இருந்தன. எரிபொருளும் குண்டுகளும் டார்பிடோக்களும் மூடிய அறைக்குள் அவற்றைச் சுற்றிக் கிடந்ததால்தான் நெருப்பை அடக்க முடியவில்லை.

தாழ்வாக வந்த டார்பிடோ விமானங்களின் பங்கும் இதில் இருக்கிறது. அன்று காலை மூன்று அமெரிக்கக் கப்பல்களிலிருந்தும் 41 டார்பிடோ விமானங்கள் போயின. திரும்பியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹார்னெட்டின் 15 விமானங்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை, உயிரோடு மீண்டவர் ஜார்ஜ் கே என்ற ஒரே விமானி. அவர்களைத் துரத்தித்தான் ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்கள் இடம் மாறிப் போயிருந்தன. ரேடார் இல்லாத கப்பல்களில் மேலே கண் வைத்திருந்தவர்கள் டைவ் பாம்பர்களைப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. கிளெய்ஸின் நெருங்கிய நண்பர் டாம் எவர்சோல் அந்த டார்பிடோ விமானங்களில் ஒன்றில் இருந்தார். அவர் திரும்பவில்லை.

இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒரு பக்கமாக மட்டும் எழுதக் கூடாது. காகாவில் 811 பேர், சோரியுவில் 711 பேர், ஹிரியுவில் 392 பேர், அகாகியில் 267 பேர். காகாவிலும் சோரியுவிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் கீழ்த்தளங்களில் வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டவர்கள்.

அதே விமானம், வேறு கைகள்

பயிற்சி எவ்வளவு செய்தது என்பதைப் பார்க்க அதே காலை இன்னொரு சான்றைத் தருகிறது. மிட்வே தீவிலிருந்தே கடற்படைத் தரைவீரர்களின் டைவ் பாம்பர்கள் சில மணி நேரம் முன்பு இதே கப்பல்களைத் தாக்கின. லாஃப்டன் ஹெண்டர்சன் தலைமையில் 16 டான்ட்லெஸ் விமானங்கள். விமானம் ஏறக்குறைய அதுவேதான். ஆனால் விமானிகளில் பலருக்கு அந்த விமானம் கைக்கு வந்தே சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவர்களை வைத்துக்கொண்டு செங்குத்தாகப் பாய முடியாது என்று ஹெண்டர்சனுக்குத் தெரிந்தது. சாய்வாகச் சறுக்கி இறங்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார். அப்படி இறங்கும் விமானம் துப்பாக்கிக்கு நெடுநேரம் காட்சி கொடுக்கும். ஒரு குண்டும் படவில்லை, பாதி விமானங்கள் போயின, ஹெண்டர்சனும் போனார். குவாடல்கனாலில் இரண்டு மாதம் கழித்துக் கைப்பற்றிய விமானத்தளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

ஹார்னெட்டின் டைவ் பாம்பர்களோ தவறான திசையில் பறந்து எதிரியைப் பார்க்காமலேயே திரும்பின. துணைக்குப் போன 10 போர் விமானங்களும் எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தன.

கண் பார்வையில் எல்லோரும் சமம்தான், துணிச்சலிலும் குறைந்தவர் யாருமில்லை. எண்டர்பிரைஸ் ஆட்களுக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கிடைத்திருந்தது, அந்த ஆறு மாதத்தின் விலையை ஹாப்பிங்கும் மில்லரும் கொடுத்திருந்தார்கள்.

திரும்பும் வழி

குண்டைப் போட்டதும் பிரிவுகள் சிதறிவிட்டன. ஒவ்வொருவரும் தனித்தனியாக, கடல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து, எரிபொருளைச் சிக்கனம் பண்ணிக்கொண்டு வந்தார்கள். மெக்ளஸ்கியை இரண்டு ஜீரோக்கள் துரத்தின. இடது தோளில் குண்டுக் காயம். பின்னிருக்கையில் இருந்த சோகலூசெக் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார், மற்றது விலகியது. விமானத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓட்டைகள்.

கப்பல் இருக்கும் என்று சொல்லிவிட்ட இடத்தில் கப்பல் இல்லை. விமானங்களை ஏவவும் இறக்கவும் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பித் திரும்பி ஓட வேண்டியிருந்தது. அதனால் கணக்கிட்ட இடத்துக்கு வெகு தூரம் தள்ளிப் போயிருந்தது. தொட்டியில் முழுசாக எரிபொருள் உள்ளவனுக்கு அது சின்னத் தொந்தரவு. இவர்களுக்கு அது தீர்ப்பு. மெக்ளஸ்கி சில கேலன் மிச்சத்தோடு இறங்கினார். டிக்கின்சன் கடலில் இறங்க வேண்டியதாயிற்று. ஃபெல்ப்ஸ் என்ற நாசகாரிக் கப்பல் அவரைத் தூக்கியது. பெஸ்டின் பிரிவைச் சேர்ந்த டோனி ஷ்னைடருக்கு எதிரியின் படை கண்ணில் பட்ட நேரத்திலேயே இயந்திரம் அணைந்தது. அவரும் பின்னிருக்கை வீரரும் ரப்பர்ப் படகில் மிதந்து, நாட்கள் கழித்துக் கடல் விமானம் ஒன்றால் காப்பாற்றப்பட்டார்கள்.

காலையில் போனவற்றில் ஏறக்குறைய பாதி எண்டர்பிரைஸுக்குத் திரும்பவில்லை. அடி அதிகம் விழுந்தது பெஸ்டின் பிரிவுக்கு; எடை கூடிய குண்டும் அணியின் வாலும் அவர்களுடையதுதான் என்று மேலே சொன்னேன். கடலில் இறங்கியவர்களில் பலரைப் பற்றி ஒரு தடயமும் கிடைக்கவில்லை. டான்ட்லெஸ் தண்ணீரில் அதிக நேரம் மிதக்காது, அதற்குள் படகை வெளியே இழுக்க வேண்டும். அந்த அலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் படகை மேலேயிருந்து கண்டுபிடிப்பது எளிதில்லை.

புரூனோ கைடோ அன்று ஃபிராங்க் ஓஃப்ளாஹெர்ட்டியின் பின்னிருக்கையில் பறந்தார். தொட்டி ஓட்டையாகி அவர்களும் கடலில் இறங்கினார்கள். மகிகுமோ என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அவர்களை எடுத்தது. விசாரித்தார்கள். சில நாள் கழித்து இருவரையும் தண்ணீர் நிரப்பிய மண்ணெண்ணெய்த் தகரங்களோடு கட்டிக் கடலில் தள்ளிவிட்டார்கள். மோத வந்த விமானத்தைப் பார்த்து ஒதுங்காமல் சுட்ட அந்தப் பையனின் முடிவு இதுதான். போர் முடிந்து ஜப்பானியக் கப்பல்களின் பதிவுகளும் சாட்சியங்களும் வெளியே வந்த பிறகே நடந்தது தெரிந்தது.

மாலையும் அடுத்த நாளும்

ஹிரியு மட்டும் தப்பியிருந்தது. அதிலிருந்து மிச்சியோ கோபயாஷி 18 டைவ் பாம்பர்களோடு கிளம்பி யார்க்டவுனை மூன்று குண்டுகளால் அடித்தார். திரும்பியவை ஐந்து மட்டும்; கோபயாஷி அவற்றில் இல்லை. எதிர்ப்பக்கத்து விமானிகளும் இதே வேலையை, இதே விலை கொடுத்துத்தான் செய்தார்கள். இன்னும் சொல்லப்போனால் அந்த வசந்தத்தில் உலகின் மிகத் துல்லியமான டைவ் பாம்பர் விமானிகள் ஜப்பானியர்தான். இரண்டே மாதம் முன்பு, ஏப்ரல் 5-ஆம் தேதி, சோரியுவின் தகாஷிகே எகுசா தலைமையில் 53 டைவ் பாம்பர்கள் இலங்கைக்குத் தென்மேற்கே டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களை நிமிடக் கணக்கில் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸ் விமானந்தாங்கியும் அதேபோலப் போனது, 307 பேரோடு. அதன் உடல் இன்றும் அந்தக் கடலடியில் கிடக்கிறது. அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் அன்று இலங்கைக் கடலில் இருந்த கப்பல்கள். பாய்ந்து வரும் விமானத்துக்குக் கீழே நிற்பது என்ன என்பது ஜூன் மாதம் அவற்றின் மாலுமிகளுக்கும் தெரிந்தது.

மாலை 3:30-க்கு எண்டர்பிரைஸ் மறுபடியும் டைவ் பாம்பர்களை அனுப்பியது. சொந்த விமானங்கள் போதாமல், யார்க்டவுனுக்குத் திரும்ப முடியாமல் இங்கே இறங்கியவர்களையும் சேர்த்து 24. மெக்ளஸ்கி காயத்தோடு கிடந்ததால் கேலஹர் தலைமை. பெஸ்டும் போனார், கிளெய்ஸும் போனார். ஐந்து மணி சுமாருக்கு ஹிரியு மீது நான்கு குண்டுகள் விழுந்தன. காலையில் பெஸ்டோடு அகாகி மீது பாய்ந்த இரண்டு துணை விமானிகளில் ஒருவரான ஃபிரெட் வெபர் இந்தத் தாக்குதலில் சுட்டு வீழ்த்தப்பட்டார்.

மறுநாள் மாலை நடந்ததைப் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட டைவ் பாம்பர்கள் தனியாக மாட்டிய தனிகாஸே என்ற ஒரே நாசகாரிக் கப்பலைத் தாக்கின. ஒரு குண்டுகூட நேராகப் படவில்லை. சிறிய, ஒல்லியான, துடிப்பாக வளையும் கப்பல். அதன் கேப்டன் திறமைசாலி. ஒரு விமானம் வீழ்ந்தது. அதில் இருந்தவர் சாம் ஆடம்ஸ், முந்தைய நாள் ஹிரியுவைத் தேடிக் கண்டுபிடித்தவர். முதல் நாள் சாதித்த அதே கைகளில் பலவும் இதில் இருந்தன. டைவ் பாம்பர் தவறாத ஆயுதம் என்று நினைப்பவர்கள் இந்த மாலையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திரும்பும்போது இருட்டிவிட்டது. இரவில் கப்பலில் இறங்கிய அனுபவமே இல்லாதவர்கள் பலர். நீர்மூழ்கி பயம் இருந்தும் ஸ்புரூயன்ஸ் விளக்குகளைப் போடச் சொன்னார். ஏறக்குறைய எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

பிறகு

பெஸ்ட் மிட்வே சண்டை நாட்களிலேயே ரத்தமாக இருமத் தொடங்கினார். ஆக்சிஜன் கருவியின் காரம், உள்ளே அடங்கியிருந்த காசநோயைக் கிளப்பிவிட்டது. 32 மாதம் மருத்துவமனை. 32 வயதில் விமான வாழ்க்கை முடிந்தது. 1944-இல் கடற்படையிலிருந்து ஓய்வு. ஒரே நாளில் இரண்டு விமானந்தாங்கிகளில் குண்டு பதித்தவர் என்று அவருக்குப் பேர் உண்டு. ஹிரியு மீது பட்டவற்றில் எது யாருடையது என்று உறுதியாகப் பிரிப்பது கடினம், அகாகி மட்டும் சந்தேகமில்லாமல் அவருடையது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒருமுறைகூட விமானம் ஓட்டவில்லை. சாண்டா மோனிகாவில் ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்து, 2001-இல் இறந்தார்.

கேலஹர் ஹிரியு மீது குண்டு போட்டு நிமிர்த்தியபோது முதுகில் கடும் காயம். அதன்பின் அவர் டைவ் பாம்பரில் சண்டைக்குப் போகவில்லை. இந்த இரண்டு படைப்பிரிவுத் தலைவர்களும் எதிரியின் தோட்டா படாமலேயே ஒரே நாளில் களத்தை விட்டு விலகியவர்கள். இழப்புப் பட்டியல்களில் இந்த மாதிரி உடம்புக் கணக்கு வராது. நுரையீரல், முதுகெலும்பு, காது என்று எத்தனை விமானிகள் இப்படிச் சத்தமில்லாமல் தரையிறக்கப்பட்டார்கள் என்று தனியாக ஒருவர் ஆராய வேண்டும்.

கிளெய்ஸ் ஜூன் 6-ஆம் தேதி மிகுமா குரூசர் மீதும் குண்டு பதித்தார். அடுத்த மாதமே அமெரிக்கா திரும்பி, கப்பலிலிருந்து தான் கடிதம் எழுதிவந்த ஜீன் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. 1962-இல் கேப்டனாக ஓய்வு பெற்றார். நூறு வயதைத் தாண்டி 2016 ஏப்ரலில் இறந்தார். ஸ்னோடன் அந்த மூன்று தாக்குதலிலும் அவருடைய பின்னிருக்கையில் இருந்தார். விமானிக்கு நேவி கிராஸ் விருது கொடுத்தார்கள், பின்னிருக்கை வீரருக்கு அதைவிடத் தாழ்ந்த பதக்கம். அன்றைய கடற்படையில் அதுதான் வழக்கம். அதே பாய்ச்சலில், அதே விமானத்தில், கடலைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவருக்கு ஏன் ஒரு படி கீழே என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை ஏற்கத்தக்க பதில் கிடைக்கவில்லை.